அடுத்தவீட்டுக்காரன் விமானம்

அந்தத் தெருவில் யாராவது விமானத்தில் போவதென்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் டொக்டொக்கின் வீட்டு மணியை அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். "அண்ணே, இந்த ரெண்டுல எதுல போகலாம்?" என்று போனை நீட்டுவார்கள். அவரும் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விமானத்தின் வகை எழுதியிருக்கிற பொடி எழுத்தைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு என்றைக்கும் ஒன்றுதான். "அடுத்தவீட்டுக்காரன்ல போங்க."

டொக்டொக் என்பது அவருக்குத் தொழில் கொடுத்த பெயர். விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கிற பழுதுபார்க்கும் கொட்டகையில், அவர்கள் பாஷையில் ஹேங்கரில், விமானத்தின் உடம்பைச் சரி செய்கிறவர் அவர். இன்ஜின் வேறு ஆட்களுடையது, ஒயர் வேறு ஆட்களுடையது. தகடு, சட்டம், தகட்டைப் பிணைக்கிற ரிவெட் ஆணி, தரை எல்லாம் இவருடையது. விமானத்தில் சில பாகங்கள் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்பட்டிருக்கும். அடுக்கு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, ஒரு குட்டிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நன்றாக இருந்தால் டொக் டொக் என்று கேட்கும். விட்டுப்போயிருந்தால் பொத்தென்று கேட்கும். அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. கதவைத் தட்டுவார், அலமாரியைத் தட்டுவார், கடையில் தர்பூசணியைத் தட்டித் தட்டிக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மகள் தான் விரும்பிய பையனை முதல்முறை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, பேச்சோடு பேச்சாக அவன் முதுகிலும் இரண்டு தட்டுத் தட்டினார். "நல்லவேளை, பொத்துன்னு கேக்கல. இல்லேன்னா கல்யாணமே நடந்திருக்காது" என்று அவர் மனைவி அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் சிரிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரி செய்துகொடுப்பாள். முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தால் யாராக இருந்தாலும் வாயைத் திறந்துவிடுவார்கள் போலிருக்கிறது. ஊர்க்கதை முழுக்க அவளிடம்தான் வந்து சேரும். கதை கேட்பதற்காகவே கண் நன்றாகத் தெரிகிறவர்கள்கூட அந்தக் கடைக்குப் போவார்கள் என்று டொக்டொக் கேலி செய்வார்.

சரி, யார் இந்த அடுத்தவீட்டுக்காரன்? பெரிய பயணிகள் விமானம் செய்கிற கம்பெனிகளில் முக்கியமானவை இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் நமக்கு எதற்கு? ஹேங்கரிலேயே யாரும் பெயர் சொல்வதில்லை. டொக்டொக்கின் ஹேங்கர் ஒரு கம்பெனியின் விமானங்களை மட்டும் பழுதுபார்க்க உரிமம் வாங்கியது. அந்த விமானம் அவர்களுக்கு "நம்மாளு". மற்ற கம்பெனியின் விமானம் "அடுத்தவீட்டுக்காரன்". அதைப் பழுதுபார்ப்பதற்கு ஓடுபாதைக்கு எதிர்ப்பக்கம் வேறொரு ஹேங்கர். வேறு முதலாளி, வேறு வாசல், வேறு பஸ். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் தூரத்துப் புள்ளியாகப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தலை நரைக்கும்வரை டொக்டொக் பார்த்ததெல்லாம் நம்மாளைத்தான். அதுவும் எப்படி? நீங்களும் நானும் பார்க்கிற மாதிரி, இருக்கையும் ஜன்னலும் புன்னகையுமாக அல்ல. இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி, தரைப் பலகையைத் தூக்கி, எலும்புக்கூடாக. கழிப்பறைக்குக் கீழேயும் சமையல் மேடைக்குக் கீழேயும் தண்ணீர் கசிந்து கசிந்து அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சட்டத்தின் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. சாயத்தைத் தடவித் துடைத்தால் சிவப்பாகக் கோடு விழும். அது மேலே ஓடாமல் இருக்க அதன் முனையில் ஒரு சின்னத் துளை போட்டு நிறுத்தி, மேலே ஒட்டுத் தகடு வைத்து, ரிவெட் அடித்து, சோதனை ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தரையை மூடுவார்கள்.

மூடிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் டொக்டொக்கின் மனதில் தரை மூடுவதே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்குப் பின்னால கக்கூஸுக்குக் கீழ பார்த்தேன் பாரு..."

"சோத்துல கை வெச்சிருக்கேன். கக்கூஸ் கதை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்பாள் அவள்.

"விளையாட்டு இல்ல. இத்தனை பேர் அதுமேல நடந்து போறாங்க. கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அதான் நீங்க சரி பண்ணிட்டீங்கல்ல?"

"நான் பார்த்ததைச் சரி பண்ணினேன். பார்க்காதது?"

அவள் இன்னொன்று சொல்வாள். "சமையக்காரர் தன் கையால சமைச்சதை ஊருக்கெல்லாம் போட்டுட்டு, தான் மட்டும் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுற மாதிரி இருக்கு நீங்க பேசறது." அவர் முறைப்பார். அடுத்தவீட்டுக்காரனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது பளபளவென்று ஓடுபாதையில் இறங்கும், பளபளவென்று ஏறும் என்பதுதான். அதன் தரையை அவர் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

இப்படி வீட்டோடும் தெருவோடும் இருந்த இந்தப் பேச்சு, ஒருநாள் உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எங்கேயோ ஒரு நாட்டில், நம்மாளு விமானம் ஒன்றில், பறந்துகொண்டிருக்கும்போதே கூரைத் தகடு ஒரு கதவு அகலத்துக்குக் கிழிந்து போய்விட்டது. விமானி கெட்டிக்காரர். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் இறக்கிவிட்டார். ஆனால் கிழிந்த கூரையை டிவியில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அதுவரைக்கும் டிக்கெட் விலையையும் சாப்பாட்டையும் மட்டும் பார்த்தவர்கள், விமானம் யார் செய்தது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். டிக்கெட் விற்கிற தளங்களில் இந்தக் கம்பெனி வேண்டாம், அந்தக் கம்பெனி வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வசதி வந்துவிட்டது. நேராகப் போகிற விமானத்தை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று அடுத்தவீட்டுக்காரனைத் தேடிப் போனார்கள். தெருவில் டொக்டொக்கின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. "அண்ணன் அன்னிக்கே சொன்னார்" என்று பேசிக்கொண்டார்கள். வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது.

ஹேங்கரில் சூப்பர்வைசர் மட்டும் எரிந்து விழுந்தார். "நம்ம வேலையே விரிசலைத் தேடுறதுதான்யா. தேடினா கிடைக்கத்தான் செய்யும். கிடைச்ச விரிசலால யாரும் சாகறதில்ல. வெளியில போய் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு." டொக்டொக் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ஆனால் அவர் மனம் ஒப்பவில்லை. அந்த வாரம்தான் ஒரு பெரிய விமானத்தில், பின்பக்கச் சட்டத்தில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அவரே ஒட்டுப் போட்டிருந்தார். அது எந்த வழித்தடத்தில் பறக்கிற விமானம் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிப் போன தூர தேசத்து ஊருக்கு, நேராகப் போய் நேராக வருகிற தடம்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டார். "நீ இங்க வர்றப்ப நேரா வர்ற அந்த விமானத்துல மட்டும் ஏறாதேடா. சுத்தி வந்தாலும் பரவாயில்ல, அடுத்தவீட்டுக்காரன்ல வா."

"சரிப்பா, சரிப்பா" என்றாள் அவள். அப்பா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை அவளுக்கு. சின்ன வயதில் ஊஞ்சலில் ஏறுவதற்கு முன்னால்கூட, சங்கிலியை அப்பா இழுத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஏறுவாள்.

மழை தொடங்கிய சமயத்தில் மனைவிக்குச் சளி பிடித்தது. சளிதானே என்று கடைக்குப் போய்வந்தாள். காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். மூச்சு வாங்க ஆரம்பித்தபோது டொக்டொக் அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நுரையீரல் இரண்டிலும் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள். ஏற்றாத மருந்து இல்லை. ஒருநாள் தேறுவாள், மறுநாள் விழுவாள். கடைசியில் ஒரு காலை நேரத்தில் டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார். "பொண்ணு வெளிநாட்டுல இருக்கறதாச் சொன்னீங்க இல்ல? வரச் சொல்லிடுங்க. தாமதம் பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

டொக்டொக் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மகளைப் போனில் பிடித்தார். அவள் ஏற்கெனவே பெட்டியும் கையுமாக இருந்தாள்.

"அப்பா, நேரா வர்றதுல ஒரு சீட் இருக்கு. நாளைக்குக் காலையில அங்க இருப்பேன். போட்டுடவா?"

"எந்த விமானம்?"

"நம்மாளுதான்ப்பா."

இந்த இடத்தில் அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அவர் நெஞ்சுக்குள் என்ன ஓடியது என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? உள்ளே மனைவி ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் மூச்சுக்குத் திண்டாடுகிறாள். அவளைக் காப்பாற்றுவது அவர் கையில் இல்லை. மகளைக் காப்பாற்றுவது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கண்ணை மூடினால் அந்தச் சட்டமும் விரிசலும் நிற்கின்றன. அவர் அடித்த ரிவெட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் தெரிகின்றன. அதற்கு மேலே, ஒரு இருக்கையில், அவருடைய ஒரே பெண்.

"அது வேண்டாம்மா. வேற எது இருக்கு?"

"அடுத்தவீட்டுக்காரன்ல இருக்கு. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறணும். நாளைக்குச் சாயங்காலம்தான் வந்து சேரும். அம்மா எப்படி இருக்காங்கப்பா? சாயங்காலம்னா பரவாயில்லையா?"

டாக்டரம்மா சொன்ன சொல் அவர் காதிலேயே இருந்தது. ஆனாலும் அவர் வாய் வேறொன்றைச் சொன்னது. "இருக்கா. பேசறா. பரவாயில்ல, நீ பத்திரமா வா. அதுதான் முக்கியம்."

"சரிப்பா" என்றாள் மகள்.

அறைக்குள் போனால் மனைவி விழித்துக்கொண்டு இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "நேரா வர்றதுலயே வரச் சொல்லுங்க" என்றாள்.

"அது வேண்டாம். சாயங்காலம் வந்துடுவா."

"நீங்க பார்த்த விமானம்தானே?"

"பார்த்ததனாலதான் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. நின்றதும் மறுபடியும் மாஸ்க்கைத் தூக்கினாள். "எங்க கடைக்கு ஒருத்தர் வருவார். உங்க ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் வேலை. அவர் என்ன சொன்னார்னா..."

"பேசாத. மாஸ்க்கை எடுக்காதேன்னு சொன்னாங்கல்ல? கடைக் கதையெல்லாம் தேறி எழுந்ததும் சொல்லலாம்." அவரே மாஸ்க்கை எடுத்து அவள் மூக்கின்மேல் பொருத்தி, பட்டையைக் காதுக்குப் பின்னால் சரி செய்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் பார்த்திருக்கக்கூடாது. ஆனாலும் பார்த்துவிட்டார். வராந்தாவில் நின்று போனைத் திறந்து, நேராக வருகிற அந்த விமானம் என்ன ஆயிற்று என்று தேடினார். வந்து இறங்கிவிட்டது என்று போட்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. குறித்த நேரத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே இறங்கியிருந்தது. அதில் வந்த யார் யாரோ இந்நேரம் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருப்பார்கள். "எல்லாச் சமயமும் ஒரே மாதிரியா இருக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உள்ளே அவள் கண் திறந்து, கதவைப் பார்த்தாள். "வந்துட்டாளா?"

"வந்துட்டே இருக்கா."

வெயில் ஏறுகிறவரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் அதையே சொன்னார். நர்ஸ் வருகிறபோதெல்லாம், காலடிச் சத்தம் கேட்டுக் கழுத்தைத் திருப்பினாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிவேளைக்கு அவள் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் மகள் இரண்டாவது விமானத்தில் ஆகாயத்தில் இருந்தாள். சொல்ல வழியில்லை. சாயங்காலம் டொக்டொக் தானே விமான நிலையத்துக்குப் போனார். அவருடைய அக்கா எவ்வளவோ சொன்னாள், வேறு யாராவது போகட்டும் என்று. கேட்கவில்லை. வருகைக் கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் வேகமாக வந்தாள், கழுத்தை நீட்டி ஆளைத் தேடினாள், அவரைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் நடை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் பக்கத்தில் இருக்க வேண்டிய அப்பா இங்கே நிற்கிறார் என்றால், அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எப்போப்பா?"

"மத்தியானம்."

அவள் அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தபடி நின்றார். அவருக்கு அழுகை வரவில்லை. மகள் பத்திரமாக வந்துவிட்டாள் என்ற ஒன்றைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து, வீடு உறவுக்காரர்களால் நிறைந்திருந்தபோது, அவருடைய அக்கா கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிறமாதிரி அங்கலாய்த்தாள். "நேரா வந்திருந்தா காலையிலயே முகத்தைப் பார்த்திருக்கலாமே. பெத்தவ வாசலையே பார்த்துட்டுப் போயிட்டாளே. என்ன யோசனையோ இவனுக்கு."

மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அத்தை, அப்பாவுக்குத் தெரியாததா? அந்த விமானத்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தவர் அவர். காரணமில்லாமச் சொல்ல மாட்டார். என் உயிரும் அவருக்கு முக்கியம் இல்லையா? இதைப் பத்தி இனிமே யாரும் பேசக்கூடாது."

அடுப்படியில் தண்ணீர் குடிக்க நின்ற டொக்டொக்குக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் அடுத்த சில நாட்களைத் தள்ளினார் என்று சொன்னால் மிகையில்லை. சாப்பிட்டார், தூங்கினார், வருகிறவர்களிடம் பேசினார். எல்லாம் அந்தச் சொல்லின் பலத்தில்தான்.

பிறகு ஒரு மாலை, முன்பின் தெரியாத ஒருவர் துக்கம் கேட்க வந்தார். நல்ல உயரம், மெல்லிய ஃபிரேம் போட்ட கண்ணாடி. வாசலிலேயே தயங்கி நின்று, "உங்க வீட்டு அக்காதான் இந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டாங்க. இப்பதான் கடையில விஷயம் தெரிஞ்சது" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "நானும் உங்க தொழில்தான் சார். எதிர் ஹேங்கர். தகடு வேலை" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் டொக்டொக் அவரை லேசில் விட்டிருக்கமாட்டார். இப்போது சும்மா தலையாட்டினார். ஏதாவது பேச வேண்டுமே என்று வந்தவரே பேசினார்.

"உங்களைப் பத்தி அக்கா நிறையச் சொல்லுவாங்க. நீங்க எங்க விமானத்துலதான் போவீங்களாமே? முதல்ல கேட்டப்ப எனக்குச் சிரிப்பா வந்தது. ஏன்னா எங்க வீட்டுல உங்க விமானத்துலதான் போவோம். பிள்ளைங்களை எங்களதுல ஏத்தவே விடமாட்டேன்."

"ஏன்?" என்றார் டொக்டொக்.

"எங்களதோட தரையைத் தூக்கிப் பார்த்தவன் சார் நான்." வந்தவர் வெகுளியாகக் கையை விரித்தார். "கக்கூஸுக்குக் கீழ, சட்டத்து மூலையில... பார்த்தாப் பயமா இருக்கும். உங்களது வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு அழகா இருக்கு. இதை அக்காகிட்டச் சொன்னப்ப, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'இதை அவர்கிட்டச் சொல்லணும், நல்ல சமயமாப் பார்த்துச் சொல்லணும்'னாங்க. சொல்லலையா?"

டொக்டொக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "சொல்ல வந்தா" என்றார். பிறகு, "நான்தான் பேசாதேன்னுட்டேன்" என்றார். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று மட்டும் புரிந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப்போனார்.

அவர் போன பிறகு டொக்டொக் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அங்கே ஒருவர் குனிந்து பார்த்துப் பயப்படுகிறார், இங்கே இவர் குனிந்து பார்த்துப் பயப்படுகிறார். இரண்டு விமானங்களும் பறக்கின்றன, இறங்குகின்றன. இருவரும் அவரவர் விரிசலுக்கு ஒட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். இது தெரிந்திருந்தால் மகள் காலையில் வந்திருப்பாள். அம்மா கதவைப் பார்த்தபோது கதவில் நின்றிருப்பாள். கையைப் பிடித்திருப்பாள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். மகள் அடுத்த அறையில் அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொல்வதா, வேண்டாமா? அதுதான் இப்போது அவரைப் போட்டு வதைத்தது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்பா என்னைக் காப்பாற்றினார் என்று அவள் நினைத்துக்கொண்டு போவாள். அம்மாவைப் பார்க்காமல் போனதற்கு ஒரு நியாயம் இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். சொன்னால் அந்த நியாயம் போய்விடும். சொல்லாவிட்டாலோ, அவள் ஒவ்வொரு முறை "அப்பாவுக்குத் தெரியாததா" என்று சொல்லும்போதும் அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் திரும்பிப் போகிற நாள் நெருங்கியது. டிக்கெட் போடுவதற்காகப் போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது வீங்கிய முகம். "அப்பா, நேரா போறதும் இருக்கு, சுத்திப் போறதும் இருக்கு. அடுத்தவீட்டுக்காரன்லயே போட்டுடறேன், சரியா?"

"எதுல போட்டாலும் ஒண்ணுதான்மா" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடி போட்டவர் வந்ததைச் சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அம்மா மாஸ்க்கைத் தூக்கிச் சொல்ல வந்ததையும், பேசாதே என்று தான் அடக்கியதையும் சொன்னார். டாக்டரம்மா தாமதம் பண்ணாதீங்க என்று சொன்னதையும், அதை அவளிடம் மறைத்ததையும்கூடச் சொல்லிவிட்டார். நிறுத்த முடியவில்லை அவரால்.

அவர் முடித்ததும் மகள் கேட்டாள். "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டுட்டே இருந்தா."

"நான் எதுல வரேன்னு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியும். நேரா வர்றதுல வரச் சொல்லுங்கன்னா. நீங்க பார்த்த விமானம்தானேன்னா." அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "என் கைமேல எனக்கு இல்லாத நம்பிக்கை அவளுக்கு இருந்துச்சுடா."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க என்னைக் காப்பாத்தினதா நினைச்சுட்டு இருந்தேன்ப்பா. அந்த ஒண்ணை வெச்சுத்தான் இத்தனை நாளா நடமாடிட்டு இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் நேராகப் போகிற விமானத்தில் ஏறிப் போய்விட்டாள்.

அவளை ஒன்றும் குறை சொல்ல முடியாது. அப்பாவிடம் அன்பு குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வாராவாரம் போனில் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டை ஒழுங்குபடுத்தி, அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஒன்றே ஒன்றுதான் மாறிப்போயிற்று. கிளம்புகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. எந்த விமானம் என்று சொல்வதில்லை, அவரைக் கேட்பதும் இல்லை. விமான நிலையத்தில் வந்து இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், "வந்துட்டேன்ப்பா" என்று போன் செய்கிறாள்.